ரயில் பெட்டி மாதிரி: பித்தளை கிட்

பிரிட்டனின் பழைய பயணிகள் ரயில் பெட்டிகளைச் சிறிய அளவில் கட்டுவதற்கான உதிரிபாகத் தொகுப்பு. அங்கு பரவலாக உள்ள ‘ஓஓ’ முறையில், நிஜப் பெட்டியின் 1 அடி மாதிரியில் 4 மி.மீ. ஆகிறது, விகிதம் 1:76.2. தண்டவாளங்களுக்கு இடையேயான அகலம் மட்டும் இதற்குப் பொருந்தாமல் 16.5 மி.மீ. என நின்றுவிட்டது. கணக்குப்படி 18.83 மி.மீ. வேண்டும், இந்தக் குறையைப் பொறுக்காதவர்கள் ‘பி4’ முறைக்கு மாறுகிறார்கள்.

பக்கச் சுவர்கள், அமிலத்தால் அரித்து வடிவமைத்த மெல்லிய பித்தளைத் தகடுகளாக வருகின்றன. சட்டத்திலிருந்து வெட்டி, பிசிறை அரத்தால் நீக்கியபின், சுவரின் கீழ்ப்பகுதியை உள்நோக்கி வளைக்க வேண்டும். மொத்த வேலையின் உயிர்நாடி இந்த வளைவுதான். மெத்தென்ற பரப்பில் தகட்டை வைத்து, உருளைக் கம்பியால் சிறிது சிறிதாக அழுத்தி, பெட்டியின் முனைச் சுவரின் விளிம்போடு அடிக்கடி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் கதவுக் கோடுகளில் தகடு மடிந்துவிடும். பிறகு நேராக்குவது மிகக் கடினம்.

தொகுப்பில் உள்ள ஈயக் கலவை வார்ப்புகள் எளிதில் உருகுபவை. அவற்றுக்கு 70 டிகிரி செல்சியஸில் உருகும் சால்டரே பாதுகாப்பு. சால்டர் ஒட்டுவதற்காகப் பூசும் ஃபிளக்ஸை நன்றாகக் கழுவாவிட்டால் பித்தளையில் பச்சை பூக்கும், பெயின்ட் பிடிக்காது.

பெட்டியின் அடியில் உள்ள இரண்டு போகிகளில் (சக்கரத் தாங்கிகளில்) ஒன்று முன்பின்னாக மட்டும் ஆட வேண்டும். மற்றது பக்கவாட்டிலும் சாய வேண்டும். அப்போதுதான் எட்டுச் சக்கரங்களும் தண்டவாளத்தில் படியும். கூரையைக் கழற்றும்படி விடுவதே நல்லது. ஜன்னல் கண்ணாடியும் இருக்கைகளும் பெயின்ட் காய்ந்த பிறகே உள்ளே போகும்.