ராஜா கொடுத்த ஆர்டர்

திருப்பூர்க்காரர்களுக்கு இந்தக் கதை சட்டென்று புரியும்.

1682 ஏப்ரல் 9. மிசிசிப்பி கடலில் கலக்கும் இடத்துக்கருகே சிலுவை நட்டு, அந்த ஆற்றுப்படுகை முழுவதும் பிரெஞ்சு ராஜாவுக்கே சொந்தம் என்று அறிவித்தார் லாசால் என்ற பிரெஞ்சுக்காரர். அதில் மிஞ்சியிருந்ததை 1803ல் ஒன்றரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றார் நெப்போலியன்.

போன பெருமையைப் படத்திலாவது பார்க்க ஆசைப்பட்டார் மன்னர் லூயி பிலிப். லாசாலின் பயணத்தை வரைய அமெரிக்க ஓவியர் ஜார்ஜ் கேட்லினுக்கு ஆர்டர் கொடுத்தார். கேட்லின் வரைந்து முடித்தார். சரக்கு ரெடி!

1848 பிப்ரவரியில் புரட்சி. மன்னர் இங்கிலாந்துக்கு ஓட்டம். கேட்லினுக்கு நயா பைசா வரவில்லை. 1852ல், ஆண்டுக்கணக்கில் அலைந்து வரைந்த செவ்விந்தியர் ஓவியங்களும் கடனில் கைமாறின.

பையர் கவிழ்ந்தால் என்னாகும் என்று பனியன் கம்பெனிக்காரரிடம் கேளுங்கள், சொல்வார்.

லாசால் படங்களில் 26 இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கின்றன. பில் மட்டும் பாக்கி.