பழைய படியா, புதிய படியா?

சிவகாசியை அடுத்த திருத்தங்கலில் ஓர் அச்சகம் இருப்பதாகக் கொள்வோம். தினசரி காலண்டருக்கான அச்சுப் படிவங்கள் அங்கே இரண்டு கணிப்பொறிகளில் ஒரே மாதிரியாகச் சேமித்து வைக்கப்பட்டுள்ளன. ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும் என்பது ஏற்பாடு. ஒருநாள் காலை இரண்டாவது கணிப்பொறி நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் ஒரு விடுமுறை நாளின் தேதி திருத்தப்பட்டு, முதல் கணிப்பொறியில் மட்டும் பதிவாகிறது. மாலையில் இரண்டாவது மீண்டும் இயங்குகிறது. அதனிடம் இருப்பதோ காலையில் இருந்த பழைய படிவம். அதை எடுத்து அச்சிட்டால் இலட்சக்கணக்கான தாள்கள் வீண். பழையதே சரியானது என்று கருதி, புதியதன் மேல் அதை எழுதிவிட்டால் இன்னும் மோசம்.

சரக்கை ஒரே கட்டடத்தில் குவிக்காமல் இடைவெளி விட்டு வைப்பது ஏன் என்று பட்டாசுத் தொழிலை அறிந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கணிப்பொறியிலும் படிகளைப் பிரித்து வைப்பது எளிய வேலையே. பிரிந்திருந்த படி திரும்பி வரும்போது எது புதிது என்று தானாகவே கண்டறிந்து சரிசெய்வதுதான் கடினம். இந்தச் சிக்கலின் வரலாற்றில் தமிழ்நாட்டில் பயின்ற இருவருக்குப் பெரும் பங்குண்டு.

முதலாமவர் மகாதேவ் சத்தியநாராயணன். சென்னை ஐ.ஐ.டி.யில் 1975-இல் பி.டெக்., 1977-இல் எம்.டெக். பட்டங்களைப் பெற்றபின் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1987-இல் அங்கே அவர் தலைமையில் 'கோடா' என்னும் கோப்பு முறை உருவாகத் தொடங்கியது. ஒரே கோப்பின் படிகளைப் பல கணிப்பொறிகள் வைத்திருக்கும். இணைப்பு அறுந்தபோதும் வேலை தொடரும்.

கடைசியாக எழுதப்பட்ட நேரத்தைப் பார்த்தால் போதாதா என்று வாசகர்கள் கேட்கலாம். போதாது. இரு கணிப்பொறிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகும் என்பதற்கு உறுதியில்லை. மேலும், பிந்தி எழுதப்பட்டது முந்தியதன் திருத்தங்களை உள்ளடக்கியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. எனவே நேரத்துக்குப் பதிலாக எண்ணிக்கையை நாடினர். எந்தக் கணிப்பொறி எத்தனை மாற்றங்களை ஏற்றது என்னும் சிறு பட்டியல் ஒவ்வொரு படியுடனும் இருக்கும். கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று 1983-இல் வெளியிட்ட கருத்து இது. கோடா இதைத் தழுவிக்கொண்டது.

இரண்டாமவர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆனந்த் பாபு பெரியசாமி. 2004 ஜூன் மாத உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம் பெற்ற 'தண்டர்' என்னும் மீத்திறன் கணிப்பொறியை அமைத்த நிறுவனத்தில் பணியாற்றியவர். அதில் 4,096 செயலிகள் இருந்தன. பிறகு 2005-இல் அவர் தொடங்கியதே 'குளஸ்டர்'. 'குனு', 'கிளஸ்டர்' என்னும் இரு சொற்களின் சேர்க்கை இப்பெயர். (ஆங்கிலத்தில் முதல் ஒலி மாறுகிறது, தமிழில் இரண்டுக்கும் ககரமே!) சாதாரணக் கணிப்பொறிகளின் வட்டுகளை இணைத்து ஒரே பெரிய கிடங்காக்குவது அதன் பணி. 2011-இல் ரெட் ஹாட் நிறுவனம் அதைச் சுமார் 13.6 கோடி டாலருக்கு வாங்கியது.

குளஸ்டர் கையாண்ட உத்தி ஒரு கணக்குப்பிள்ளையின் உத்தி போன்றது. எழுதுவதற்கு முன், 'இந்தப் படியில் வேலை நிலுவை' என்று எல்லாப் படிகளைப் பற்றியும் குறித்துக்கொள்ளும். எழுதி முடித்ததும் அக்குறிப்பை அழிக்கும். இடையில் இரண்டாவது கணிப்பொறி நின்றுபோனால், அதைப் பற்றிய நிலுவைக் குறிப்பு முதலாவதில் அழியாமல் நிற்கும். திரும்பி வந்ததும் அக்குறிப்பே சாட்சி. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் படி எடுக்கப்படும்.

இதை எவ்வாறு சோதிப்பது? வேண்டுமென்றே ஒரு கணிப்பொறியை நிறுத்தி, மற்றதில் கோப்புகளை மாற்றி, பின்பு நின்றதை இயக்கிப் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு நுட்பம் உண்டு. தொடக்ககாலக் குளஸ்டரில், ஒரு கோப்பை யாரேனும் பயனாளர் வழியாகத் திறந்தால்தான் சீரமைப்பு நிகழும். ஆகவே சரியாகிவிட்டதா என்று பார்ப்பதே அதைச் சரியாக்கிவிடும்! எவரும் தொடாத கோப்பு பல மாதங்கள் பழையதாகவே கிடக்கலாம். இதற்காக எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை தொட்டுவரும் கட்டளையை நிர்வாகிகள் ஓட்டுவார்கள். 2012-இல் வெளிவந்த 3.3 பதிப்பில்தான், பின்னணியில் தானே தேடிச் சரிசெய்யும் பணியாள் நிரல் வந்தது. எனவே சோதிப்பவர் பொது வாயில் வழியே பார்க்காமல், ஒவ்வொரு கணிப்பொறியின் வட்டிலும் நேரடியாகப் புகுந்து ஒப்பிடுதல் வேண்டும்.

இன்னொரு சோதனை கொடியது. இரண்டாவதை நிறுத்தி முதலாவதில் எழுதுக. பின் முதலாவதை நிறுத்தி, பழைய படியுள்ள இரண்டாவதை மட்டும் இயக்கி அதில் எழுதுக. கடைசியில் இரண்டையும் இயக்குக. இப்போது ஒவ்வொன்றும் மற்றதைக் குற்றம் சாட்டும். இரண்டுமே ஒரு வகையில் புதியவை, ஒரு வகையில் பழையவை. எந்த நிரலும் இங்கே நியாயமாகத் தீர்ப்புச் சொல்ல இயலாது. நல்ல முறை ஊகிக்காமல் கோப்பைத் திறக்க மறுத்து, மனிதரிடம் விட்டுவிடும். நம் அச்சக உரிமையாளருக்கு இது எரிச்சலூட்டலாம். தவறான தேதியுடன் காலண்டர் வெளிவருவதற்கு இது மேல்.

வராமல் தடுக்கும் வழி மூன்றாவது ஒருவரைச் சேர்ப்பதே. மூன்றில் இரண்டு சேர்ந்து இசைந்தால்தான் எழுத அனுமதி. மூன்று முழுப் படிகளுக்கு வட்டுச் செலவு அதிகம் என்பதால், 2015-இல் வந்த 3.7 பதிப்பில் 'நடுவர்' சேர்க்கப்பட்டது. நடுவர் கோப்பின் உள்ளடக்கத்தை வைத்திருப்பதில்லை. பெயரையும் நிலுவைக் குறிப்புகளையும் மட்டுமே வைத்திருக்கும். பழைய படியுள்ள கணிப்பொறி மட்டும் இயங்கும் வேளையில், நடுவரின் குறிப்பு அதற்கு எதிராக இருக்கும்; எழுதும் உரிமை கிடைக்காது. நல்ல படியுள்ள கணிப்பொறி திரும்பும்வரை அச்சகம் காத்திருக்க வேண்டியதுதான்.