தாய்ப் பதிவும் பிள்ளைப் பதிவும்

போன மாதம் லோ-கோட் கருவி ஒன்றில் சின்ன ஓடர் படிவம் செய்ய வெளிக்கிட்டன். ஒரு ஓடர், அதுக்குக் கீழ மூன்று பொருட்கள். பெட்டிகளை இழுத்து அம்புக்குறியால் இணைச்சு, 'சேமி' அழுத்தினன். பொருட்கள் மூன்றும் அட்டவணைக்குள் வந்திட்டுது. ஆனால் எந்த ஓடருக்குரியவை என்று சொல்லும் நிரல் மட்டும் வெறுமை. பொருட்களைச் சேமிக்கும் படியை நான் முதலில் வைத்திருந்தேன். ஓடருக்கு இலக்கம் கிடைப்பதோ அது சேமிக்கப்பட்ட பிறகுதான்.

இந்தச் சிக்கல் எங்க இருந்து வந்தது? கொஞ்சம் பின்னுக்குப் போவம்.

1966இல் ஐ.பி.எம். நிறுவனம் அப்பல்லோ திட்டத்துக்காக ஐ.எம்.எஸ். என்ற தரவுத்தளத்தைக் கட்டத் தொடங்கியது. சந்திரனுக்குப் போகும் ரொக்கெட்டின் உதிரிப்பாகங்களைக் கணக்கு வைப்பதுதான் வேலை. தரவு மரம்போல இருந்தது: தாய்க்குக் கீழே பிள்ளை. தாய் இல்லாமல் பிள்ளையைப் போட முடியாது. ஆனால் ஒரு தகவலைத் தேட, மரத்தில் எந்தக் கிளையால் இறங்குவது என்று நிரல் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மரத்தின் அமைப்பு மாறினால் நிரலையும் மாற்ற வேண்டி வரலாம்.

1970இல், அதே ஐ.பி.எம்.மின் சான் ஹோசே ஆய்வகத்தில் வேலை செய்த எட்கார் கொட் என்ற ஆங்கிலேயர் வேறு வழி சொன்னார். எல்லாம் அட்டவணைகளாக இருக்கட்டும். பிள்ளை தன் தாயின் இலக்கத்தைத் தன்னோடு வைத்திருக்கட்டும். ஐ.சி.ரி. பாடத்தில் நாங்கள் படிச்ச முதன்மைச் சாவியும் அந்நியச் சாவியும் அந்தக் கட்டுரையிலேயே இருக்கின்றன. 1981இல் அவருக்கு ரியூரிங் விருது கிடைத்தது.

இந்தச் சுதந்திரத்தோடு பொறுப்பும் வந்தது. அந்நியச் சாவியில் இல்லாத தாயின் இலக்கத்தைப் போடக்கூடாது என்று தரவுத்தளத்துக்கு விதி வைக்கலாம். ஆனால் வெறுமையாக விட அனுமதி இருந்தால் அது தடுக்காது. என்ர மூன்று பொருட்களும் அப்படித்தான் சத்தமில்லாமல் நுழைந்தன.

அடுத்த கேள்வி: ஓடர் சேமிச்சு, பொருட்களைச் சேமிக்க முதல் கரண்ட் போனால்? 1970களில் அதே ஆய்வகத்தில் ஜிம் கிரே இதில்தான் மினக்கெட்டார். எல்லாம் நடக்க வேண்டும், அல்லது எதுவுமே நடக்காததுபோல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இதைத்தான் பரிவர்த்தனை என்கிறோம்.

'லோ-கோட்' என்ற பெயரை 2014இல் பொரெஸ்ரர் ஆய்வு நிறுவனம் வைத்தது. இந்தக் கருவிகள் பலவற்றில் ஒவ்வொரு பெட்டியும் தனித்தனிச் சேமிப்பு. இரண்டாவது பெட்டி விழுந்தால் முதலாவது தானாக அழியாது. கொட்டும் கிரேயும் தீர்த்த பிரச்சினையை நாங்கள் பெட்டிகளுக்கு நடுவில் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறோம்.

நான் இப்ப செய்யிறது இதுதான்: முதலில் தாயை 'முழுமையில்லை' என்ற குறியோடு சேமி. திரும்பி வரும் இலக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடு. எல்லாப் பிள்ளையும் சேர்ந்த பிறகு குறியை மாற்று. அந்நியச் சாவியை வெறுமையாக விட அனுமதிக்காதே. கோட் எழுதத் தேவையில்லைதான், ஆனால் எது முதல், எது பிறகு என்று நாங்கள்தான் யோசிக்க வேணும்.