டயோடு குறியாக்கி

பல விசைகளுள் எது அழுத்தப்பட்டது என்பதைச் சில கம்பிகளின் வழியே இரும எண்ணாக அறிவிக்கும் மின்சுற்று குறியாக்கி எனப்படும். இதன் ஜீவாதாரம், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் டயோடு. அக்குணத்தை உலோக சல்பைடுகளில் 1874-இல் கண்டறிந்தவர் ஜெர்மானிய விஞ்ஞானி பெர்டினாண்ட் பிரவுன். எனினும் அதே இனப் படிகத்தைச் சாதனமாக்கிய வரலாற்றில் கல்கத்தாவுக்கு உரிய ஸ்தானம் பெரிது. பிரெசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ், கலீனா என்னும் ஈயத் தாதுவின்மீது உலோக முனையைத் தொடவைத்து மின்னலைகளை உணரும் கருவியை நிர்மாணித்து, காப்புரிமையில் நாட்டமற்றவராயினும் நண்பர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கி 1901 செப்டம்பர் 30-இல் விண்ணப்பித்து, 1904 மார்ச் 29-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

சர் ஆசுதோஷ் முகர்ஜி கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்து 1914-இல் தோற்றுவித்த விஞ்ஞானக் கல்லூரியில், சிசிர்குமார் மித்ரா ரேடியோ ஆராய்ச்சியை வளர்த்ததன் பயனாக, 1949-இல் ரேடியோ பௌதிகத்திற்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கும் தனித்துறை ஏற்பட்டது. 1960-களில் இந்தியப் புள்ளியியல் கழகமும் யாதவ்பூர் பல்கலைக்கழகமும் கூடி டிரான்சிஸ்டர் கணிப்பொறி ஒன்றை உருவாக்கின. ஒரு நகரம் இவ்வாறு தலைமுறை தலைமுறையாக ஒரு வித்தையைப் பேணியது போற்றத்தக்கது.

இனி அமைப்பு முறை. 0 முதல் 9 வரை பத்து விசைகளும், 1, 2, 4, 8 என்னும் மதிப்புடைய நான்கு கம்பிகளும் கொள்க. 5 வோல்ட் மின்சாரம் விசைகளின் வழியே வரும்; ஒவ்வொரு கம்பியும் 10 கிலோ ஓம் மின்தடையால் தரையோடு பிணைக்கப்படும். ஐந்தாம் விசையிலிருந்து 1-க்கும் 4-க்கும், ஏழாவதிலிருந்து 1, 2, 4 மூன்றுக்கும் என எண்ணின் கூறுகளுக்கேற்ப டயோடுகளை இணைத்தால், மொத்தம் 15 போதும். சிலிக்கன் டயோடு சுமார் 0.7 வோல்ட்டை எடுத்துக்கொண்டாலும் எஞ்சுவது 'ஒன்று' எனக் கொள்ளப் போதுமானதே. டயோடுகளை நீக்கி வெறும் கம்பியால் இணைப்போமாயின், முதல் விசையின் மின்சாரம் மூன்றாவதன் இணைப்பு வழியே பின்னோக்கிப் புகுந்து இரண்டாம் கம்பியையும், ஐந்தாவதன் வழியே நான்கையும், ஒன்பதாவதன் வழியே எட்டையும் தீண்டிவிடும். பூஜ்யமல்லாத எந்த விசையை அழுத்தினும் 1111 என்றே வரும். பூஜ்ய விசைக்கு டயோடு இல்லையாதலால் அதற்கும் எதையும் அழுத்தாமைக்கும் பேதம் தெரியாது. எனவே பத்து விசைகளிலிருந்தும் ஒவ்வொரு டயோடு சென்று சேரும் ஐந்தாம் கம்பி, 'அழுத்தப்பட்டது' என்று அறிவிக்க அவசியமாகிறது.

இச்சுற்றின் பெருங்குறை, ஒன்றும் இரண்டும் ஒருங்கே அழுத்தப்படின் மூன்று எனப் பொய்க் குறி தருவதாகும். அதைப் போக்கும் 74147 என்னும் சிப், பல விசைகள் அழுத்தப்படினும் உயர்ந்த எண்ணையே ஏற்கும். ஆயினும் அதன் குறிகள் தலைகீழானவை ஆகையால், ஐந்துக்கு 0101 வரவேண்டிய இடத்தில் 1010 வரும். நேர்க்குறி வேண்டுவோர் நான்கு கம்பிகளிலும் ஒவ்வொரு தலைகீழாக்கிச் சுற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.