முரம்பும் கிராவலும்

குறுந்தொகையின் 400ஆம் பாட்டில் ஒரு தேர்ப்பாகனுக்குப் பாராட்டு கிடைக்கிறது. பேயனார் பாடிய முல்லைப் பாட்டு அது. வினை முடித்து வீடு சேர்ந்த தலைவன் பாகனிடம் பேசுகிறான். நெடுவழியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தால் அவள் துயரை இன்று தீர்த்திருக்க முடியாது; நீ மேட்டை உடைத்துக்கொண்டு, கரம்பை நிலத்தில் புதுவழி போட்டு ஓட்டினாய்; இன்று நீ கொண்டுவந்தது தேரை மட்டுமா, நோயில் வாடியவளையே எனக்குத் தந்துவிட்டாய் என்கிறான். தேர்ச்சக்கரம் உடைத்துக்கொண்டு வந்த அந்த மேட்டுக்குப் பாட்டில் உள்ள பெயர் முரம்பு.

பருக்கைக் கற்கள் நிறைந்த மேட்டு நிலம் என்று அகராதிகள் முரம்புக்குப் பொருள் சொல்கின்றன. வன்னிலம் என்றும் ஒரு பொருள் உண்டு. சங்கப் பாடல்களில் முரம்பு வருமிடத்தில் பரலும் கூட வருவதைக் காணலாம். பரல் என்றால் சிறு கல். சிலம்புக்குள் கிடந்து ஒலிப்பதும் பரல்தான், பாலை வழியில் காலைக் குத்துவதும் பரல்தான். ஆனால் பரல் கல்லின் பெயர், முரம்பு நிலத்தின் பெயர். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்ல வருவதே இதில்தான் இருக்கிறது.

ஒரு சொல்லுக்குள் இங்கே மூன்று செய்திகள் அடங்கியிருக்கின்றன. நிலம் மேடாக இருக்கிறது. மண்ணில் சரளை இருக்கிறது. தண்ணீர் நிற்காததால் நிலம் வறண்டு இறுகிக் கிடக்கிறது. இன்றைய மண் ஆய்வுப் படிவத்தில் நில அமைப்பு, கல்லின் அளவு, வடிகால் என்று மூன்று தனித்தனிக் கட்டங்களில் நிரப்ப வேண்டியதைப் பேயனார் நான்கு எழுத்தில் முடித்துவிட்டார். உழுகிறவனுக்கும் தேரோட்டுகிறவனுக்கும் இந்த மூன்றும் ஒன்றாகவே எதிர்ப்படும். அதனால் மொழியும் அவற்றைப் பிரிக்கவில்லை.

மேடும் சரளையும் ஏன் சேர்ந்து வருகின்றன? ஆறு வெள்ளத்தில் உருட்டி வரும் கூழாங்கல்லையும் பருமணலையும் தன் படுகையில் போட்டுவிட்டுப் போகிறது. பிறகு நிலம் உயர்ந்தாலோ கடல்மட்டம் தாழ்ந்தாலோ, மழையின் போக்கு மாறினாலோ, ஆறு தன் பழைய படுகையையே அறுத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. பழைய படுகை இருபுறமும் படிக்கட்டின் படி மாதிரி உயரத்தில் நின்றுவிடும். வெள்ளம் இனி அங்கே ஏறாது, புது வண்டலும் சேராது. மேலே பெய்கிற மழை நுண்மண்ணை அரித்துக்கொண்டு போக, கல் மட்டும் பரப்பில் தங்குகிறது. ஆறே இல்லாத மேட்டுப் பாறை நிலத்திலும் இதே விளைவு உண்டு. அங்கே கல் எங்கிருந்தும் உருண்டு வருவதில்லை. அடியில் உள்ள பாறை மக்கி, மக்காத துண்டுகள் மிஞ்சுகின்றன. கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஆற்றுச் சரளை முனை மழுங்கி வழவழப்பாக இருக்கும், பாறைச் சரளைக்கு முனை கூர்.

சாலைக்காகவோ கிணற்றுக்காகவோ மேட்டை வெட்டிய இடத்தில் அந்தச் சுவரைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மேலே ஒரு சாண் அளவுக்கு மங்கலான செம்மண், வேர் நிறைந்தது. அதற்குக் கீழே கல் அடர்ந்த ஒரு பட்டை. கல்லின் இடுக்குகளில் உள்ள மண் மேல்மண்ணைவிடச் சிவப்பு, விரலில் தேய்த்தால் கொஞ்சம் ஒட்டும். மழைநீர் மேலிருந்து களியை இறக்கி இங்கே சேர்த்திருக்கிறது. சில கற்களைச் சுற்றி இரும்புத் துரு பூசியதுபோல ஒரு கருஞ்சிவப்பு ஓடு. இன்னும் கீழே போனால் பாறை மக்கிய பொருக்கு, கையால் நசுக்கினால் உதிரும். சிவப்பு ஆழம் வரைக்கும் ஒரே சீராக இறங்கினால் அந்த மண்ணில் காற்று போய் வருகிறது, தண்ணீர் தேங்குவதில்லை என்று பொருள். நடுவில் சாம்பல் நிறத் திட்டுகள் தெரிந்தால் அங்கே ஆண்டில் சில காலமாவது நீர் நின்றிருக்கிறது. காற்றில்லாத நிலையில் இரும்பு தன் சிவப்பை இழந்து கரைந்து நகர்ந்துவிடும். வடிகாலைச் சோதிக்கக் கருவி வேண்டாம், கண் போதும். அமெரிக்க மண் ஆய்வாளர்கள் வடிகாலை 7 படிகளாகப் பிரிப்பதும் பெரும்பாலும் இந்த நிறத்தைப் பார்த்துத்தான்.

இனி சொல்லின் பயணம். தெலுங்கில் சரளை மண்ணுக்கு மொரமு. தெலங்கானாவில் இன்றும் 'மொரம்' என்றால் லாரிக்காரருக்குப் புரியும். மராத்தியில் முரூம். யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதியில் 'மூரம்' ஒரு பதிவாகவே இருக்கிறது, மேற்கு இந்தியாவில் சாலை போடப் பயன்படும் சரளை என்று. அதன் மூலத்தை அவர்கள் மராத்தியில் தேடுகிறார்கள். அதே அகராதி இலங்கையில் வழங்கிய 'கபுக்' என்ற சொல்லைப் பற்றிச் சொல்லும்போது, அதைச் சென்னைப் பக்கம் மூரம் என்பார்கள் என்கிறது. ஆக 19ஆம் நூற்றாண்டில் சென்னை வட்டாரத்தில் இந்தச் சொல் வெள்ளைக்காரர் காதில் விழுகிற அளவுக்குப் புழக்கத்தில் இருந்திருக்கிறது. முரம்புக்குச் சங்க இலக்கியச் சான்று இருப்பதால், சொல் தெற்கிலிருந்து வடக்கே போயிருக்க வேண்டும் என்பதே என் கணிப்பு.

பொறியாளர்கள் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இந்திய அரசு 1958இல் சிறுகனிமங்கள் என்று அறிவித்த பட்டியலில் 'முர்ரம்' இருக்கிறது. கென்யாவிலும் உகாண்டாவிலும் தார் போடாத செம்மண் சரளைச் சாலைக்கு முர்ரம் சாலை என்றுதான் பெயர். 1896க்கும் 1901க்கும் இடையில் உகாண்டா ரயில்பாதை போட இந்தியாவிலிருந்து 30,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் போனார்கள். சொல்லும் அவர்களோடும் அவர்களை மேய்த்த பொறியாளர்களோடும் கப்பலேறியிருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

கபுக் என்பதும் முரம்பும் ஒன்றல்ல, உறவு மட்டும் உண்டு. கபுக் நம் செம்பூராங்கல், கேரளத்தில் வெட்டுகல். 1800ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னட, மலையாள நாடுகளைச் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன், இன்றைய மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புரத்தில் இந்தக் கல்லைப் பார்த்தார். தரைக்குள் இருக்கும்போது கத்தியால் வெட்டலாம், வெளியே எடுத்துக் காயவிட்டால் கல்லாகிவிடும். ஊர்க்காரர்கள் அதைச் செங்கல்லோடு சேர்த்துச் சொல்வதைக் கேட்டு, லத்தீனில் செங்கல்லுக்கு உள்ள 'லேட்டர்' என்ற சொல்லிலிருந்து 'லாட்டரைட்' என்று பெயர் வைத்தார். 1807இல் லண்டனில் அச்சான அவருடைய பயண நூலில் அந்தப் பெயர் முதன்முதலில் வருகிறது. அங்காடிப்புரத்தில் அதற்கு ஒரு நினைவுக்கல்லும் உண்டு. வெப்பமும் மழையும் மிகுந்த இடத்தில் மண்ணிலுள்ள சிலிக்காவும் உப்புகளும் கரைந்து போய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சி இறுகினால் லாட்டரைட். அது உடைந்து சிதறினாலோ, இரும்பு சிறு உருண்டைகளாகத் திரண்டாலோ கிடைப்பது செந்நிறச் சரளை. முரம்பில் இந்த வகையும் உண்டு.

புக்கானன் வைத்த பெயருக்கு வந்த கதி வேடிக்கையானது. சிவந்த எந்த மண்ணைப் பார்த்தாலும் லாட்டரைட் என்று எழுதப் போய், அந்தச் சொல் ஒரு கட்டத்தில் எதையுமே குறிக்காமல் போனது. அமெரிக்க மண் வகைப்பாட்டை எழுதியவர்கள் அதைக் கைவிட்டு, மாறி மாறி நனைந்தும் காய்ந்தும் மீளமுடியாமல் இறுகும் இரும்புப் பொருளுக்கு மட்டும் 'பிளிந்தைட்' என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் பிளிந்தோஸ் என்றால் செங்கல். லத்தீன் செங்கல் போய் கிரேக்கச் செங்கல் வந்தது!

1975இல் நூலாக வந்த அந்த வகைப்பாட்டின் பெயர்கள் காதுக்குக் கரடுமுரடாக இருந்தாலும், பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் நம் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவருக்குப் பிடிக்கும். தமிழ்நாட்டுச் செம்மண் பலவற்றுக்கு வழங்கும் 'ரோடஸ்டால்ஃப்' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். முதல் பகுதி கிரேக்க ரோஜாவிலிருந்து வந்தது, ஆழ்ந்த சிவப்பைக் குறிக்கும். நடுவில் உள்ள 'உஸ்ட்' லத்தீனில் எரிந்தது, அதாவது ஆண்டில் சில மாதம் காய்ந்து கிடக்கும் நிலம். கடைசி 'ஆல்ஃப்' அலுமினியத்தையும் இரும்பையும் சுட்டும் இரண்டு எழுத்துத் துணுக்குகள். களி கீழே இறங்கிச் சேர்ந்த மண்ணுக்கு அடையாளம். கல் அதிகமானால் பெயருக்கு முன்னால் 'எலும்புக்கூட்டு' என்று ஓர் அடைமொழி ஏறும். 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துண்டெல்லாம் கல். மண்ணின் கன அளவில் 15 விழுக்காடு சரளை இருந்தால் 'சரளை கலந்த', 35ஐத் தாண்டினால் 'மிகுசரளை', 60ஐத் தாண்டினால் 'அதிமிகு'. 35 என்ற அதே வரம்பில்தான் எலும்புக்கூடும் தொடங்குகிறது.

வரம்பு எதற்கு என்றால், கல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. பாதி கல்லான மண்ணில் பயிருக்குப் பாதி மண்தான் உண்டு. பத்து நாள் மழை இல்லையென்றால் கரிசலில் பயிர் நிற்கும், முரம்பில் வாடும். அதே முரம்பில் அடைமழைக்கும் வேர் அழுகாது, வீட்டு அஸ்திவாரம் கரிசலில் விரிசல் விடுவதுபோல விடாது. இந்த இரண்டு வகை நிலமும் வெகுதொலைவில் இருக்க வேண்டியதில்லை. இருகூரும் பீளமேடும் கோவைப் பக்கத்து ஊர்கள்தான். மண் வரிசைக்கு அதை முதலில் விவரித்த ஊரின் பெயரை வைப்பது வழக்கம் என்பதால், தமிழ்நாட்டு மண் வரைபடத்தில் இருகூர் என்றால் செம்மண், பீளமேடு என்றால் கருங்களி.

இப்போது செய்தித்தாளைத் திறந்தால் முரம்பு கிடையாது. 'கிராவல் மண் கடத்தல், லாரி பறிமுதல்' என்று இருக்கும். இலங்கைத் தமிழில் அதே சொல் 'கிரவல்'. கிரவல் வீதி, கிரவல் அகழ்வு. ஆங்கிலச் சொல் வந்ததில் எனக்குப் புகார் ஒன்றும் இல்லை, ரோடு என்ன, லாரி என்ன, எல்லாம் பழகிவிட்டன. ஆனால் கிராவல் முரம்புக்கு மாற்றாக வந்த சொல் இல்லை. கிராவல் யூனிட் கணக்கில் விற்கும் சரக்கு, அதற்கு இடம் கிடையாது. முரம்பு இடத்தின் பெயர், அதை லாரியில் ஏற்ற முடியாது. மேட்டை வெட்டி ஏற்றிய பிறகு மிஞ்சும் குழியைச் சொல்ல இரண்டு சொல்லுமே உதவாது.

குழி தோண்டியதால் கிடைத்ததும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவி, செந்நிறச் சரளை தோண்டிய குழியில் வெளிப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு கொசத்தலையாற்று வட்டாரத்து அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகள். சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே நடத்திய அகழாய்வில் அடியிலுள்ள களிப் படிவத்துக் கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமை என்று 2011இல் வெளியானது. மேலேயுள்ள இரும்புச் சரளைப் படிவங்களில் இருந்தவை வேறு வகை, சிறியவை. அந்த மாற்றம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்று 2018இல் எழுதினார்கள்.

மண் ஆய்வு அறிக்கைகளைத் தமிழாக்குகிறவர்கள் 'நல்ல வடிகால் வசதியுள்ள, சரளை கலந்த மேட்டு நில மண்' என்று முக்கால் வரி எழுதுகிறார்கள். முரம்பு மண் என்றால் போதாதா என்று ஒரு நண்பரிடம் கேட்டேன். ஆற்றுப் படியில் உள்ளதும் பாறை மேட்டில் உள்ளதும் ஒன்றாகிவிடுமே என்றார், நியாயம்தான். ஆற்றுமுரம்பு, பாறைமுரம்பு என்று பிரித்துக்கொள்ளலாம். சரளையின் விழுக்காட்டை எண்ணிலேயே போட்டுவிடலாம், அதற்கு அடைமொழி தேவையில்லை.