சமய வழக்க விமர்சனமும் மனித உரிமையும்: புதுச்சேரி

சமய வழக்கங்களைத் தனிமனித மாண்பு, சமத்துவம் ஆகிய அளவுகோல்களால் மதிப்பிடும் விமர்சனத்துக்குப் புதுச்சேரியில் கிடைக்கும் பழைய சான்றுகளுள் ஒன்று, பழைய நகரில் இயேசு சபையார் நடத்திய சம்பா கோவில் என்னும் தேவாலயத்தின் தீண்டாமைச் சுவராகும். வழிபாட்டில் பறையர் கிறித்தவரைச் சாதிக் கிறித்தவரிடமிருந்து பிரித்த அச்சுவர், ஒதுக்கப்பட்டோர் குருவிடம் நேரில் முறையிட்டதால் 1745இல் இடிக்கப்பட்டதை பிரெஞ்சு ஆட்சியில் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பதிந்துள்ளது. பிரான்சின் மனித உரிமைப் பிரகடனம் 1789இல்தான் வந்தது என்பதால், இத்தகைய விமர்சனம் மேலைத் தாராளவாதத்தின் இறக்குமதி மட்டுமே என்னும் வாதம் இங்கு நிற்காது. இன்று இந்திய அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 25ஆம் பிரிவு சமய உரிமையைப் பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம், ஏனைய அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு உட்படுத்துகிறது.