சையத் அப்துல் ரஹீம்: பள்ளி ஆசிரியர் ஒருவரின் கால்பந்துப் பயிற்சி

சையத் அப்துல் ரஹீம் (ஆகஸ்ட் 17, 1909 – ஜூன் 11, 1963) இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளர். ஹைதராபாத்தில் பிறந்தவர். தொழிலால் பள்ளி ஆசிரியர். இவரது பயிற்சியில் இந்திய அணி 1951, 1962 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. அதற்குப் பின் இந்தியக் கால்பந்து அந்த உயரத்தை எட்டவில்லை.

ஆசிரியப் பணி

உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற ரஹீம் காச்சிகுடா நடுநிலைப்பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப்பள்ளி, சாதர்காட் உயர்நிலைப்பள்ளி ஆகியவற்றில் பாடம் நடத்தினார். பின்னர் உடற்கல்வியில் பட்டயம் பெற்று விளையாட்டுப் பொறுப்புக்கு மாறினார். நம் உத்திரமேரூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் 'டிரில் மாஸ்டர்' என்றும் 'பி.டி. வாத்தியார்' என்றும் அழைக்கப்படுபவர்களின் இனம்தான் அவரும். இந்தச் செய்தியை வெறும் வாழ்க்கைக் குறிப்பாகக் கடந்துவிட முடியாது. அன்றைய இந்தியாவில் கால்பந்து பிறவித் திறமையாகவே பார்க்கப்பட்டது. தனியாளாகப் பந்தைக் கடத்திச் செல்பவருக்கே கைதட்டல். ரஹீம் அதைப் பாடமாகப் பார்த்தார். பாடம் என்றால் பகுதி பகுதியாகப் பிரிக்கலாம், பயிற்சி கொடுக்கலாம், தேர்வு வைக்கலாம்.

ஹைதராபாத்தில் அவர் நடத்திய விசித்திரமான போட்டிகள் இந்தப் பார்வையிலிருந்து வந்தவை. ஒன்றில் பந்தைத் தன்னிடமே வைத்துக் கடத்திச் செல்லக் கூடாது. உடனே சக வீரருக்குத் தள்ளிவிட வேண்டும். மற்றொன்றில் பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும். வலதுகால் வீரர்கள் இடதுகாலோடு தடுமாறுவதைப் பார்த்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் குறையை மட்டும் தனியே எடுத்துத் திருத்துவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. செலவும் கிடையாது.

1943 முதல் இறக்கும் வரை அவர் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராகவும் இருந்தார். பயிற்சியும் நிர்வாகமும் ஒரே கையில் இருந்ததால் இத்தகைய சோதனைகளுக்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையிருக்கவில்லை. சிக்கந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவைச் சேர்ந்த ஏழைச் சிறுவன் துளசிதாஸ் பலராமை அவர்தான் கண்டெடுத்தார். தினமும் நகருக்கு வந்துபோக வசதியில்லை என்று பலராம் சொன்னபோது, மிதிவண்டிக்குப் பணம் கொடுத்து வரவழைத்தார்.

அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. கல்கத்தாவின் பெரிய கிளப்புகளே இந்தியக் கால்பந்து என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது அதிர்ச்சி.

வெறுங்காலும் காலணியும்

1951-இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் மேவாலால் அடித்த ஒரே கோலால் இந்தியா ஈரானை வென்றது. அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10–1 என்று தோற்றது. இந்திய வீரர்களில் பலர் வெறுங்காலுடன் ஆடினர். அதன் பிறகே காலணி கட்டாயமாக்கப்பட்டது. தோல்விக்குக் காலணி மட்டுமே காரணம் என்ற எண்ணம் இன்றும் உண்டு. அது பாதி உண்மைதான். ஆட்ட அமைப்பே பழையதாக இருந்தது. ரஹீம் ஐரோப்பிய அணிகளை, முக்கியமாக ஹங்கேரியை, கவனித்தார். நடு முன்கள வீரரைப் பின்னால் இறக்கி ஆடவிடும் அவர்களது முறையை இந்திய அணிக்குக் கொண்டுவந்தார்.

பலன் 1956-இல் தெரிந்தது. ஹங்கேரி விலகியதால் முதல் சுற்றில் ஆடாமலே முன்னேறிய இந்தியா, ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4–2 என்று வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக்கில் அவ்வாறு அடித்த முதல் ஆசியர் அவர். அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் 4–1 என்றும், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3–0 என்றும் இந்தியா தோற்றது.

ஜகார்த்தா, 1962

ரஹீமின் உடல்நலம் குன்றியிருந்த காலம் இது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2–0 தோல்வி. தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் தடுப்பாளர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போடப்பட்டது. அவரை வெளியே உட்கார வைத்திருக்கலாம். ரஹீமோ அவரை நடு முன்கள வீரராக மாற்றினார். தெற்கு வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் ஜர்னைல் ஒரு கோல் அடித்தார்.

செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டம், மீண்டும் தென் கொரியாவுடன். அரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், பெரும்பாலோர் இந்தியாவுக்கு எதிராக. இஸ்ரேலையும் தைவானையும் போட்டியில் சேர்க்காததை இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி கண்டித்ததால் வந்த கோபம் அது. கோல்கீப்பராகக் காய்ச்சலிலிருந்து தேறிவந்த பீட்டர் தங்கராஜை ரஹீம் இறக்கினார். தங்கராஜ் ஹைதராபாத்தில் பிறந்து, நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் வளர்ந்த ஆட்டக்காரர். தொடக்கத்தில் முன்களத்தில் ஆடியவர். பி.கே. பானர்ஜியும் ஜர்னைலும் முதல் இருபது நிமிடத்துக்குள் கோல் அடித்தனர். கொரியாவால் கடைசியில் ஒன்றைத்தான் திருப்ப முடிந்தது. இந்தியா 2–1.

ரஹீமுக்குப் பின்

ஒன்பது மாதங்களில் நுரையீரல் புற்றுநோய் ரஹீமைக் கொண்டுபோனது. 1964 ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றபோது பயிற்சியாளர் ஆங்கிலேயரான ஹாரி ரைட். 1970 பாங்காக்கில் வெண்கலம். ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்தின் கடைசிப் பதக்கம் அதுதான். ஒலிம்பிக்கில் 1960-க்குப் பின் இந்திய அணி ஆடவே இல்லை.

இதற்குப் பணமின்மை, நிர்வாகச் சண்டை, கிரிக்கெட் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. ரஹீமின் முறையிலும் ஒரு பலவீனம் இருந்ததாகவே தோன்றுகிறது. சங்கம், பயிற்சி, ஆள்தேர்வு அனைத்தும் ஒருவரிடமே குவிந்திருந்தன. அவருக்குப் பின் அந்த இடத்தில் நின்று மற்ற பயிற்சியாளர்களை உருவாக்க ஒரு பள்ளி எழவில்லை. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியா விருதே 1985-இல்தான் தொடங்கியது.

அவர் மகன் சையத் ஷாஹித் ஹக்கீம் 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றவர். பின்னர் பன்னாட்டு நடுவரானார். ரஹீமின் வாழ்க்கையைத் தழுவி அஜய் தேவ்கன் நடித்த 'மைதான்' 2024-இல் வெளியானபோது ஹக்கீம் உயிருடன் இல்லை, 2021-இல் காலமாகியிருந்தார்.